சுத்த தன்யாசியில் ஒரு கூச்சல்

என் வயதுக்காரர்கள், குறிப்பாக ஆண்கள், ஓய்வு பெற்றதும் இரண்டு காரியங்களைத் தவறாமல் செய்கிறார்கள். காலையில் பூங்காவில் கூட்டமாக நின்று கைதட்டிச் சிரிக்கிறார்கள். சாயங்காலம் தங்கள் வாழ்க்கையை மாற்றிய ராக் பாட்டைப் பற்றிப் பேசுகிறார்கள். டெல்லி துவாரகாவில் எங்கள் குடியிருப்பில் மட்டும் இப்படி வாழ்க்கை மாறியவர்கள் மாடிக்கு ஒருவர் தேறுவார்கள். அந்தப் பாட்டைக் கேட்ட அன்றே தாம் வேறு மனிதராகிவிட்டதாகச் சொல்வார்கள். அந்த வேறு மனிதர் மறுநாளே சர்க்கார் பரீட்சைக்குப் படிக்க உட்கார்ந்தார், அப்பா காட்டிய பெண்ணைக் கட்டினார், சேமநல நிதியில் கடன் எடுத்து வீடு வாங்கினார். உண்மையில் மாறியது கிருதா மட்டும். அதையும் நேர்முகத் தேர்வுக்கு முந்தின நாள் நாவிதர் பழையபடி ஆக்கிவிட்டார்.

எனக்கும் அப்படி ஒரு பாட்டு உண்டு. என் வாழ்க்கையை அது நிஜமாகவே மாற்றியது. ஆனால் நான் இதைப் பூங்காவில் சொல்வதில்லை. என் கதையில் கிடார்காரனைவிட என் அப்பாவுக்குப் பங்கு அதிகம். அப்பா வருகிற ராக் கதையை யாரும் ரசிப்பதில்லை.

எழுபதுகளின் கடைசி. எமர்ஜென்சி முடிந்து ஊரே மூச்சுவிட ஆரம்பித்திருந்தது. எங்கள் வீட்டுக்கு மட்டும் அந்தச் செய்தி வந்து சேரவில்லை. ஆர்.கே.புரத்தில் அரசாங்கக் குவார்ட்டர்ஸ், முதல் மாடி. அப்பா ஓர் அமைச்சகத்தில் செக்‌ஷன் ஆபீசர். அம்மா அந்த செக்‌ஷன் ஆபீசருக்கு மேலதிகாரி. நான் ஒரே பெண், பி.ஏ. கடைசி வருஷம். பரீட்சை முடிந்த கையோடு கல்யாணம் என்று வீட்டில் தீர்மானமாகியிருந்தது. எனக்கோ மேலே சரித்திரத்தில் எம்.ஏ. படிக்க வேண்டும். படித்து என்ன செய்வாய் என்று கேட்டால் என்னிடம் பதில் கிடையாது. கல்யாணம் செய்துகொண்டு என்ன செய்வேன் என்பது மட்டும் நன்றாகத் தெரியும், அம்மா அதைத் தினமும் என் கண்ணெதிரே செய்துகொண்டிருந்தாள். நான் “எம்.ஏ.” என்று வாயெடுத்தாலே, “மொதல்ல ஒழுங்கா ஒரு கொழம்பைக் கூட்டப் படிட்டி” என்பாள். அத்தோடு அந்த விவாதம் முடிந்துவிடும்.

அப்பாவுக்கு ராகப் பைத்தியம். திருநெல்வேலியிலிருந்து ரயிலேறும்போது மனிதர் ஒரு டிரங்குப் பெட்டியும் எழுபத்திரண்டு மேளகர்த்தாவும் கொண்டுவந்திருக்க வேண்டும். உலகத்தில் எந்தச் சத்தம் கேட்டாலும் அதற்கு ராகம் கண்டுபிடிக்காமல் அவரால் இருக்க முடியாது. கீழே தள்ளுவண்டிக்காரன் “ஆலூ, ப்யாஜ்” என்று கூவினால், “முகாரி. பாவம், இன்னைக்கு வியாபாரம் இல்ல போலருக்கு” என்பார். குக்கர் விசில் அடித்தால் அதன் சுருதியைச் சொல்வார். சப்ளை நின்று குழாயில் காற்று மட்டும் வரும்போது அது எழுப்பும் ஓலத்தைப் பற்றி அவரும் அவருடைய ஆபீஸ் நண்பரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க வாதாடியிருக்கிறார்கள். வீட்டில் தண்ணீர் இல்லையே என்ற கவலை அம்மாவுக்கு மட்டும்தான் இருந்தது.

இப்படிப்பட்ட மனிதருக்குப் பாட்டின் வார்த்தைகள் ஒரு பொருட்டே அல்ல. “சாகித்யம் வேண்டாம், ராகம் போதும்” என்பது அவருடைய கட்சி. தேவாரத்தைக்கூடப் பண் பார்த்துத்தான் கும்பிடுவார். மேலும் நான் கற்றுக்கொண்ட கீர்த்தனைகள் எல்லாம் தெலுங்கு. எங்கள் வீட்டில் யாருக்கும் தெலுங்கு தெரியாது. சொல்லிக்கொடுக்க வந்த மாமிக்கும் தெரியாது. நான் பத்து வருஷமாகக் கண்களில் நீர் தளும்பப் பாடிய ஒரு பாட்டில் என்ன சொல்லப்படுகிறது என்று கேட்டால், யாரோ யாரிடமோ எதையோ கேட்கிறார் என்பதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியாது. பாட்டுக்கு அர்த்தம் என்று ஒன்று இருக்கும், அது கேட்கிறவருக்குப் புரியவும் புரியும் என்ற எண்ணமே எங்கள் குடும்பத்தில் யாருக்கும் உதித்ததில்லை.

மேல் மாடியில் ஒரு சர்தார்ஜி குடும்பம். அந்த வீட்டுப் பெண் என் வயது, என் கல்லூரி. அவளுடைய அண்ணன் கப்பலில் வேலை பார்த்தான். ஒரு தடவை லீவில் வந்தபோது டேப் ரிக்கார்டரும் ஒரு பை நிறையக் கேஸட்டும் கொண்டுவந்தான். அன்று நான் சுருதிப்பெட்டியை வைத்துக்கொண்டு சாதகம் செய்துகொண்டிருந்தேன். தலைக்கு மேலே தும் தும் என்று இடிக்க ஆரம்பித்தது. மின்விசிறி ஆடியது. அப்பா புத்தகத்திலிருந்து தலையெடுத்து, “போய்ச் சொல்லிட்டு வா. ஜல்தி” என்றார். அவருக்குக் கோபம் வந்தால் ஹிந்தி வந்துவிடும்.

சத்தத்தைக் குறைக்கச் சொல்லத்தான் படியேறினேன். கதவு திறந்திருந்தது. உள்ளே போனால் நாலு வாத்தியமும் சட்டென்று நின்றுவிட்டன, ஒருவன் மட்டும் தனியாகக் கத்துகிறான். அது பாடுவது இல்லை. தொண்டை கிழிய, எதிரே நிற்கிற ஆளிடம் கத்துவது போன்ற கத்தல். அதன்பின் கிடார் அவன் விட்ட இடத்திலிருந்து பிடித்து அதே கத்தலைக் கம்பியில் கத்தியது. நான் எதற்காக மேலே வந்தேன் என்பது மறந்துபோய், “இன்னொரு தடவை போடு” என்றேன். சிநேகிதி, “பாகல் ஹோ கயீ க்யா? பைத்தியமா உனக்கு?” என்று சிரித்துக்கொண்டே திரும்பப் போட்டாள். பிறகு நான் கீழே இறங்கி வரும்போது அப்பா தூங்கிவிட்டிருந்தார்.

வார்த்தைகளைப் பிடிக்க எங்களுக்கு ஒரு மாதம் ஆயிற்று. அந்த வெள்ளைக்காரன் வாயில் எதையோ அடக்கிக்கொண்டு பாடினான். புரியாத இடங்களில் சிநேகிதி தன் வசதிக்குப் பஞ்சாபி வசவுகளை இட்டு நிரப்பிக்கொண்டாள். ஒருவழியாகத் தேறிய விஷயம் இதுதான்: ஒரு பையன் தன் அப்பாவிடம் பேசுகிறான். நீ எனக்காகத் தைத்து வைத்த சட்டை எனக்குப் பிடிக்கிறது, ஆனால் பத்தவில்லை. நீ பார்த்து வைத்த வாழ்க்கை நல்ல வாழ்க்கைதான், அதை நீயே வாழ்ந்துகொள். என்னை விட்டுவிடு. அந்தக் கத்தலில் அவன் கத்தியது அந்தக் கடைசி வார்த்தையைத்தான். முதன்முதலாக ஒரு பாட்டு என்ன சொல்கிறது என்பது எனக்குப் புரிந்தது. இருபது வயதில் அது நடந்தால் ஆளை அடித்துப் போட்டுவிடும். நான் எம்.ஏ. என்று ஆரம்பித்து முடிக்காமல் விட்ட அத்தனை வாக்கியங்களையும் எவனோ கடல் கடந்து உட்கார்ந்து முடித்துவைத்திருந்தான்.

அதன்பின் பாத்திரம் கழுவும்போதும் துணி உலர்த்தும்போதும் அதே மெட்டுத்தான். ஒரு நாள் காலை அப்பா சவரம் செய்துகொண்டிருந்தார். நான் பின்னால் பால்கனியில் துணி பிழிந்தபடி முனகிக்கொண்டிருந்தேன். பிளேடு நின்றது.

“ஏட்டி, என்னது அது?”

பிடிபட்டுவிட்டோம் என்று பிழிந்த துணியை மறுபடி வாளியில் போட்டேன். அப்பா பாதி முகம் நுரையோடு பால்கனிக்கே வந்துவிட்டார்.

“இன்னொருக்கா பாடு.”

பாடினேன்.

“ரிஷபம் இல்ல. தைவதம் இல்ல. அஞ்சு சுரந்தான்.” முகம் மலர்ந்துவிட்டது. “சுத்த தன்யாசில்லா இது! எங்கன படிச்ச?”

“மேல் வீட்ல, அப்பா.”

“சர்தார் வீட்லயா?”

அன்று ஆபீஸ் விட்டு வந்ததும் கால் கழுவிவிட்டு நேராக மேலே போனார். நானும் பின்னாலேயே போனேன். சர்தார்ஜியின் சோபாவில் சம்மணமிட்டு உட்கார்ந்து, கண்ணை மூடி, அந்தப் பேய்க்கூச்சலை ஆதியோடந்தமாகக் கேட்டார். தொடையில் தாளம் போட்டார். கிடார்காரன் கம்பியை இழுத்து வளைக்கும் இடத்தில், “காந்தாரத்தை எப்படி அசைக்கான் பாத்தியா! கமகம்லா அது!” என்று என்னிடம் சொன்னார். டிரம்ஸ் வந்ததும், “தவில்காரன் கெட்டிக்காரன்” என்றார். சர்தார்ஜிக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் விருந்தாளிக்கு மரியாதையாக, “க்யா பாத் ஹை, பாய்சாப்” என்று தலையாட்டினார். மேலும் கீழுமாக அந்தக் கட்டடத்தில் அவ்வளவு ஒற்றுமையை நான் அதற்கு முன் கண்டதில்லை.

நான் சந்தோஷப்பட்டேன், மடச்சி. நமக்குப் பிடித்த ஒன்று அப்பாவுக்கும் பிடிப்பதைவிடப் பெரிய ஆபத்து வேறு இல்லை என்று அப்போது தெரியாது. அப்பா எதிர்த்திருந்தால் அந்தப் பாட்டு என்னுடையதாகவே இருந்திருக்கும். அவர் அதை அங்கீகரித்துவிட்டார். எங்கள் வீட்டில் எந்த அந்நியச் சரக்கும் ராகம் தெரியாத வரைக்கும்தான் தீட்டு. ராகம் தெரிந்துவிட்டால் ஜாதகம் பொருந்தின மாதிரி, உள்ளே வரலாம், கூடத்தில் உட்காரலாம்.

முதலில் வார்த்தைகளை எடுத்தார். “அந்த இங்கிலீஷ் கத்தல் எதுக்கு? வெறும் ‘ஆ’ன்னு ஆகாரத்துல பாடு.” பிறகு வேகத்தைக் குறைத்தார், “பையன் ஓடுதான், நிதானம் இல்ல” என்றார். ஆதி தாளத்தில் உட்காரவைத்தார். கத்தல் வருகிற இடத்தில் தார ஸ்தாயியில் நிதானமாக நின்று இறங்கும்படி ஒரு சங்கதி போட்டுக்கொடுத்தார். நாலு ஆவர்த்தனம் கற்பனாசுரம் சேர்த்தார். ஒரு மாதத்தில் என் பாட்டு குளித்து, திருநீறு இட்டு, பூஜை அறைப் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டது. வீட்டுக்கு வருகிறவர்களிடம், “நம்ம பொண்ணு ஒரு அபூர்வமான உருப்படி பாடுவா, கேக்கியளா?” என்பார். நான் பாடுவேன். அவர்கள் தலையாட்டுவார்கள். அவர்கள் போனதும் நான் மேல் வீட்டுக்கு ஓடிப்போய், அசல் இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று ஒரு தடவை போட்டுப் பார்த்துக்கொள்வேன். அழுகையாக வரும். சிநேகிதி, “அரே, உன் அப்பா உன் பாட்டைத் திருடிவிட்டார்” என்பாள். அவளுக்குப் புரிந்தது.

பரீட்சை முடிந்தது. ஜனக்புரியில் ஒரு நல்ல இடம் இருப்பதாகக் கோயிலில் யாரோ சொன்னார்கள். மாப்பிள்ளை ஒரு பொதுத்துறை நிறுவனத்தில் இன்ஜினீயர், மாப்பிள்ளையின் அப்பா வங்கியில் மேனேஜர், நம்ம ஊர்ப்பக்கம், நம்ம ஆளுக. இதற்கு மேல் விசாரிப்பது அநாகரிகம் என்று அம்மா நினைத்தாள். ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள் என்று என்னிடம் வியாழக்கிழமை சொன்னாள். வாழைக்காய்க்காக ஒரு நாள் முழுக்க அலைந்தாள். என்னிடம் கேட்க ஒரு நிமிஷம் அவளுக்குக் கிடைக்கவில்லை. நான் அப்பாவிடம் போய், “அப்பா, எம்.ஏ.” என்று ஆரம்பித்தேன். அவர், “அந்த மேனேஜருக்குப் பாட்டுன்னா உசிராம், தெரியுமாட்டி?” என்றார். முகத்தில் அப்படி ஒரு பிரகாசம். மாப்பிள்ளையை விட்டுவிட்டுச் சம்பந்தியைத் தேர்ந்தெடுத்துவிட்டார் என்று புரிந்துகொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். மாப்பிள்ளையின் பேண்ட் கீழே இரண்டு பேர் நுழையும் அகலம். காதுக்குக் கீழே வரை கிருதா. பார்த்ததும் எனக்குக் கொஞ்சம் நம்பிக்கைகூட வந்தது, நம்மைப் போன்ற ஆளாக இருக்குமோ என்று. கேசரி ஆயிற்று, பஜ்ஜி ஆயிற்று. மாப்பிள்ளையின் அம்மா, “பொண்ணு பாடுவாளா?” என்றார். அந்தக் கேள்விக்காக அப்பா வாசலிலிருந்தே காத்துக்கொண்டிருந்தார். “பாடுவா. ஒரு அபூர்வமான உருப்படி” என்றார்.

ஜமக்காளத்தில் உட்கார்ந்து, அப்பா செய்துவைத்த வடிவத்தில், ஆகாரத்தில், சங்கதியோடு பாடினேன். மேனேஜர் கண்ணை மூடிக்கொண்டார். மாப்பிள்ளை மட்டும் இரண்டாவது வரியில் விருட்டென்று நிமிர்ந்தான். அவன் பாதம் சரியான வேகத்தில் தட்ட ஆரம்பித்தது. அவனுக்கு அந்தப் பாட்டுத் தெரியும்! ஜமக்காளத்திலிருந்து எழுந்து அவன் கையைப் பிடித்துக் குலுக்கலாம் போல் இருந்தது எனக்கு.

“ரெண்டு பேரும் வேணும்னா தனியாப் பேசட்டும். நாங்க ஒண்ணும் பழைய காலத்து ஆளுக கிடையாது” என்றார் மாப்பிள்ளையின் அம்மா. பால்கனியில், அரைக்கதவு திறந்திருக்க, எல்லாப் பெரியவர்களும் மௌனமாகக் காது கொடுத்திருக்க, நாங்கள் தனியாகப் பேசினோம்.

“அந்தப் பாட்டு இருக்கே, அது என் உயிர்” என்றான் அவன். “ஒரிஜினல் ரெக்கார்டே என்கிட்ட இருக்கு. அதைக் கேட்டப்புறம் நான் வேற ஆளாயிட்டேன்.”

“எனக்கும்தான்” என்றேன்.

“அச்சா!” என்று சிரித்தான். பிறகு குரலைத் தாழ்த்தி, “ஆனா கல்யாணத்துக்கப்புறம் நீ பாட வேண்டாம். அம்மாவுக்கு அதெல்லாம் ஒத்துக்காது. நான் ரெக்கார்ட் போடறப்போ நீயும் வந்து உட்கார்ந்து கேட்டுக்கோ” என்றான். அன்பாகத்தான் சொன்னான். தன் பெருந்தன்மையை நினைத்து அவனுக்கே திருப்தியாக இருந்தது.

“எனக்கு மேலே எம்.ஏ. படிக்கணும்” என்றேன்.

“வீட்ல உட்கார்ந்து எவ்வளவு புக் வேணும்னாலும் படிக்கலாமே” என்றான்.

உள்ளே வந்தோம். எல்லாரும் சிரித்த முகமாக இருந்தார்கள். அம்மா வெற்றிலைத் தட்டை எடுக்க எழுந்துவிட்டாள். அந்தத் தட்டு நகர்ந்துவிட்டால் எல்லாம் முடிந்தது. அப்போது மேனேஜர், “அம்மா, அந்த மேல் ஸ்தாயி இடத்தை மட்டும் இன்னொருக்கா பாடும்மா, காதுலயே நிக்கி” என்றார்.

ஜமக்காளத்தில் மறுபடி உட்கார்ந்தேன். இந்தத் தடவை வார்த்தையோடு பாடினேன். அசல் வேகத்தில், இங்கிலீஷில், நேராக அப்பாவைப் பார்த்து. சட்டை பத்தவில்லை என்று பாடினேன். இந்த வாழ்க்கையை நீயே வாழ்ந்துகொள் என்று பாடினேன். கத்தல் வரும் இடத்தில் சங்கதியை விட்டுவிட்டுக் கத்தினேன். மேல் மாடியில் யாரோ நாற்காலியை நகர்த்தும் சத்தம் கேட்டது.

அந்தக் கூடத்தில் யாருக்கும் எதுவும் கேட்கவில்லை. மேனேஜர் கண்மூடித் தாளத்தில் இருந்தார். அவருடைய மனைவிக்கு இங்கிலீஷ் தெரியாது. அம்மாவின் கண் வெற்றிலைத் தட்டில் இருந்தது. மாப்பிள்ளைக்கு வார்த்தைகள் எல்லாம் மனப்பாடம், உதட்டை அசைத்து என்னோடு கூடவே பாடினான். மனப்பாடமாகத் தெரிந்ததால் அவனும் கேட்கவில்லை. அப்பாவின் தொடையில் கை தாளம் போடாமல் நின்றிருந்தது. ஆபீஸில் நாள் முழுக்க இங்கிலீஷ் எழுதித் தள்ளுகிறவர். என்னை ஒரு மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்.

“அடடா!” என்றார் மேனேஜர், கண்ணைத் திறந்து. “உதயரவிச்சந்திரிகா! இந்தக் காலத்துப் பிள்ளைக யாரு பாடுதா?”

அப்பா அவர் பக்கம் மெதுவாகத் திரும்பினார்.

“சுத்த தன்யாசி” என்றார்.

“இல்ல அண்ணாச்சி, உதயரவிச்சந்திரிகா.”

“அண்ணாச்சி, எம் பொண்ணுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். சுத்த தன்யாசி.”

மேனேஜர் சிரித்தபடி, “ரெண்டும் பக்கத்துப் பக்கத்து வீடுதானே” என்று சமாதானமாகத்தான் ஆரம்பித்தார். அப்பா விடவில்லை. “பக்கத்து வீடுன்னா? உம்ம வீட்டுக்குப் போவதுக்குப் பதிலா பக்கத்து வீட்ல போயிப் படுப்பீரா?” என்றார். வித்தியாசம் நிஷாதத்தில் மயிரிழை அளவு என்றும், அந்த மயிரிழை காதில் விழாதவர்கள் சங்கீதம் பேசக் கூடாது என்றும் அப்பா முழங்கினார். மேனேஜருக்கும் ரோஷம் வந்தது. தன் காதைக் குறை சொன்னவர் இதுவரை எவரும் இல்லை என்றார். அப்பா, “இதுவரைக்கும் உம்மகிட்டக் கடன் கேட்டு வந்தவன்தான் பேசியிருப்பான்” என்றார். குரல்கள் ஏறின. இருவரும் மாறி மாறிப் பாடிக்காட்டினார்கள். எனக்குக் கேட்டவரை இரண்டும் ஒன்றாகவே இருந்தன.

மாப்பிள்ளை பொறுக்கமாட்டாமல், “அங்கிள், அப்பா, ப்ளீஸ். இது ராகமே இல்லை. இது ராக் ம்யூசிக்” என்றான்.

“நீ சும்மா இருல!” என்றார்கள் இரண்டு பேரும் ஒரே குரலில். அன்று அவர்கள் உடன்பட்ட ஒரே விஷயம் அதுதான்.

வெற்றிலைத் தட்டு நகரவில்லை. செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். அம்மா கூடத்தின் நடுவே நின்று, “ஒரு ராகத்துக்காக எவனாச்சும் சம்பந்தத்தை விடுவானா? கேட்டா ஊரு சிரிக்கும்” என்று அழுதாள். மீந்த பஜ்ஜிகளை என் பக்கமும் அப்பா பக்கமும் பார்க்காமல் ஒரு தூக்குப்போணியில் போட்டு மேல் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினாள். அப்பா பேப்பரை விரித்து முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டார்.

ஊர் சிரிக்கவில்லை. அதுதான் வேடிக்கை. ஆர்.கே.புரத்திலிருந்து கரோல்பாக் வரை விஷயம் பரவியது. தமிழர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். கோயில் பிராகாரத்தில் சுத்த தன்யாசிக்காரர்கள் ஒரு பக்கம், உதயரவிச்சந்திரிகாக்காரர்கள் ஒரு பக்கம் நின்று வாதாடினார்கள். கொள்கைக்காக ஒரு நல்ல வரனை உதறிய மனிதர் என்று அப்பாவுக்கு மரியாதை கூடியது. பெண்ணைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, நல்லதாகவும் சரி, கெட்டதாகவும் சரி. சண்டை முடியும்வரை அடுத்த வரன் பேச்சும் எழவில்லை. அந்த இடைவெளியில் எம்.ஏ.வுக்கு இடம் கிடைத்தது. அம்மா, “சும்மா இருக்கிறதுக்குப் போயித் தொலையட்டும்” என்று விட்டுவிட்டாள். அப்பாவின் கிறுக்கால் தப்பித்தேன் என்று நான் மேல் வீட்டில் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். அந்தச் சண்டையை நடித்துக்கூடக் காட்டினேன்.

கல்லூரி திறந்த அன்று அப்பா அரை நாள் லீவு போட்டுவிட்டு என்னோடு பஸ் ஸ்டாப்புக்கு வந்தார். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. புழுக்கம் தாங்கவில்லை. பஸ்ஸைக் காணோம். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே, ரோட்டைப் பார்த்தபடி சொன்னார்.

“ஏட்டி, உதயரவிச்சந்திரிகாவும் சுத்த தன்யாசியும் ஒண்ணுதான், தெரியுமா?”

நான் திரும்பிப் பார்த்தேன்.

“பேருதான் ரெண்டு. இப்பப் பாடுதவன் எல்லாம் ஒண்ணாத்தான் பாடுதான். அந்த அண்ணாச்சி சொன்னதுல தப்பே இல்ல. நல்ல காது அவருக்கு.”

“பெறவு ஏம்ப்பா அவ்வளவு சண்டை போட்டிய?”

“வார்த்தையோட பாடினேல்லா அன்னைக்கு. கேட்டேன்.”

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. என் வாழ்க்கையில் நான் வாய்விட்டுச் சொன்ன ஒரே “மாட்டேன்” அது. அதையும் அவரே வாங்கி ராகமாக மாற்றி, தன் சண்டையாக நடத்தி முடித்திருக்கிறார். நான் சிரித்துக்கொண்டு திரிந்திருக்கிறேன். நடுரோடு என்றும் பார்க்காமல், “எம் பொண்ணுக்கு இஷ்டமில்லன்னு நேராச் சொன்னா என்ன, அப்பா? அந்த ஒரு வார்த்தை சொல்ல உங்களுக்கு என்ன கஷ்டம்?” என்று கத்தினேன்.

அப்பா கோபித்துக்கொள்ளவில்லை. தூரத்தில் பஸ் வருகிறதா என்று நெற்றியில் கை வைத்துப் பார்த்தார்.

“நம்ம ஆளுககிட்டயா? பொண்ணுக்கு இஷ்டமில்லன்னு சொல்லியிருந்தா, எவன் பின்னால போறான்னு கேட்டிருப்பாகட்டி. ராகம் தப்புன்னு சொன்னேன். எல்லாவனும் வந்து கை குடுக்கான்” என்றார்.